மாம்பழக் குடோனில் குதித்த கோடு

எழுதத் தொடங்குவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயர் எழுதச் சொன்னாலே, "வேற யாருகிட்டயாச்சும் குடுங்க" என்று நகர்ந்துவிடுகிற ஆள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். அப்படிப்பட்டவள் லேசர், வாயு என்றெல்லாம் எழுதினால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆய்வகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "மாம்பழக் குடோன் கதைய எழுதுங்கக்கா. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த செல்வம் அண்ணன் சொல்லும் மாதிரியில் அவர்தான் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். அதைக் கேட்டபிறகு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். மூட்டு வலி அதிகமானதால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இப்போது வீட்டில் இருக்கிறேன்.

சேர்ந்தபோது பாட்டில் கழுவும் வேலை என்றுதான் சொன்னார்கள். கழுவினேன், பெருக்கினேன், டீ வாங்கி வந்தேன். ஒருநாள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் சுலோசனா மேடம் என் கைகளைப் பிடித்து, ஜோசியம் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுக்கம் இல்லை. முகத்துக்குப் பவுடர் போடுவீங்களா, பாண்டியம்மா?"

"லேசா போடுவேன் மேடம்."

"நாளையிலிருந்து வேண்டாம். பூவும் வேண்டாம்."

என் பயிற்சி அவ்வளவுதான். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை வைக்காமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஆய்வக வாசலில் செல்வம் அண்ணன் ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். காலையில் பூவைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். சாயந்திரம் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். மேடமும் அதே ஆணியில்தான் தன் பூவை மாட்டுவார். சில நாட்களில் அவசரத்தில் அவர் பூவை நானும் என் பூவை அவரும் வைத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

இந்தக் கெடுபிடி எல்லாம் இரண்டு கண்ணாடிகளுக்காக. கருவி என்று நாங்கள் சொல்வது கை நீளத்துக்கு ஒரு குழாய். அதன் இரண்டு முனைகளிலும் ஒன்றையொன்று முகம் பார்க்கிற மாதிரி எதிரெதிரே இரண்டு சின்னக் கண்ணாடிகள். ஒரு முனை வழியாக லேசர் ஒளியை உள்ளே விடுவோம். கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. இந்தக் கண்ணாடிக்கும் அந்தக் கண்ணாடிக்கும் அது போய்வந்துகொண்டே இருக்கும். கை நீளக் குழாய்க்குள் மதுரையிலிருந்து பேரையூர் போகிற தூரத்தை அது ஓடிவிடும் என்று மேடம் சொல்வார். திடீரென்று லேசரை நிறுத்தினால், உள்ளே மாட்டிக்கொண்ட ஒளி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி அணையும். அது அணைவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் கருவி அளக்கும்.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வெகுநேரம் சுற்றும். பிரேக் கட்டை லேசாக உரசினாலும் சீக்கிரம் நின்றுவிடும். குழாய்க்குள் நாம் தேடுகிற வாயு இருந்தால் அது ஒளியைக் கொஞ்சம் தின்றுவிடும்; ஒளி சீக்கிரம் அணைந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் அணைகிறதோ அவ்வளவு வாயு இருக்கிறது என்று அர்த்தம். நூறு கோடி நெல்லில் ஒரு கல் கிடந்தால்கூட அதற்குத் தெரியும். வாயுவின் அளவைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாகக் காட்டும். வாயு கூடினால் கோடு ஏறும், குறைந்தால் இறங்கும். எந்த வாயு வேண்டும் என்பதற்கேற்ப லேசரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கண்ணாடியைத் துடைப்பதுதான் என் வேலையில் பெரிய வேலை. மெல்லிய தாளை நாலாக மடித்து, மடிப்பு முனையில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, கண்ணாடியின் ஓரத்தில் வைத்து ஒரே இழுப்பு. திரும்பத் தேய்க்கக் கூடாது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாள். இழுக்கும்போது மூச்சு விடக் கூடாது. என் பின்னால் நிற்கும் மேடமும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவர் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒருதடவை செல்வம் அண்ணன் உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்னம்மா, வைகையில முங்கிக் கெடக்குற மாதிரி நிக்கிறீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கண்ணாடிக்கு இன்னும் மூன்று தாள் செலவானது.

செல்வம் அண்ணன் எங்கள் மெக்கானிக். பம்பு, வயர், குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. மேடம் யாரையும் அதட்ட மாட்டார். கோபம் வந்தால் கருவியைப் பார்த்துத்தான் திட்டுவார். அதுவும் அவருடைய வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில். எங்களுக்குப் புரியாது. கருவிக்குப் புரிந்துவிடும் போல, ஓடத் தொடங்கிவிடும்.

மேடத்திடம் ஒரு பழக்கம் உண்டு. காரணம் தெரியாமல் கோடு குதித்தால், "யாரும் அசையாதீங்க" என்பார். எல்லோரும் அப்படியே நின்றுவிட வேண்டும். பிறகு ஒவ்வொருவராக, கடைசியாக என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். சின்ன விஷயம், பெரிய விஷயம் என்று நாமே முடிவு செய்து எதையும் விடக் கூடாது.

ஒருமுறை நெல் வயலில் கிளம்பும் மீத்தேன் வாயுவை அளக்க அலங்காநல்லூர் பக்கம் போயிருந்தோம். தண்ணீர் நிற்கிற வயலில் அந்த வாயு வரும். வரப்பில் கருவியை வைத்து, காற்றை உறிஞ்சி அதற்குக் கொடுக்கும் ரப்பர் குழாயை வயலுக்கு மேலே நீட்டியிருந்தோம். கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு குதி.

"யாரும் அசையாதீங்க. செல்வம், என்ன செஞ்சீங்க?"

"பீடிய எடுத்தேன் மேடம். பத்த வைக்கல."

"பாண்டியம்மா?"

"தும்மல் வந்துச்சு மேடம். அடக்கிட்டேன்."

வரப்பில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரையும் மேடம் விடவில்லை. "நீங்க என்ன செஞ்சீங்கண்ணே?"

"நானா? நான் செவனேன்னு நிக்கிறேன். என்னைய எதுக்கும்மா கேக்குறீக?"

"உங்க மாடு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவருக்குப் பின்னால் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை, எங்கள் குழாயின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. மாட்டின் ஏப்பத்தில் மீத்தேன் நிறைய வரும் என்று மேடம் விளக்கினார். காளைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, மிசினு அது மூச்ச உறிஞ்சிருச்சுன்னா வாடிவாசல்ல வந்து சோந்து நிக்குமே!"

"அது வெளிய விட்டதுதான் எங்களுக்கு வந்தது. உங்க காளைகிட்ட இருந்து நாங்க எதையும் எடுக்கல."

"அப்ப ஏப்பத்தையா அளக்குறீக?" என்று அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "இதுக்கா காலேசுல இருந்து இம்புட்டுத் தூரம் வந்தீக?" காளையை ஓட்டிக்கொண்டு போகும்போதும் சிரித்துக்கொண்டே போனார்.

இனி மாம்பழக் கதைக்கு வருகிறேன்.

மாம்பழக் காலம். ஒரு வியாழக்கிழமை காலையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் மேடத்துக்குப் போன் செய்தார். சிம்மக்கல்லில் சோலைமலை என்பவரின் குடோனில் மாங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள் என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் என்ற வாயு வரும். அதுதான் காயைச் சட்டென்று மஞ்சளாக்கும். சாப்பிடுகிறவர்களுக்குக் கேடு என்பதால் கல் வைப்பதற்குத் தடை இருக்கிறது. அதிகாரி கூடைகளைக் கிளறிப் பார்த்தபோது கல் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கல்லை எடுத்து ஒளித்துவிட்டாலும் காற்றில் மிச்சம் இருக்குமே, உங்கள் கருவி அதைக் கண்டுபிடிக்குமா என்று கேட்டார். எங்கள் ஆய்வகத்தில் அப்போது அசிட்டிலினுக்கான லேசரைத்தான் பொருத்தி வைத்திருந்தோம்.

நானும் செல்வம் அண்ணனும் ஸ்டீல் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனோம். பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை முன்கூட்டியே பம்பு வைத்து உறிஞ்சிவிடுவோம். போன இடத்தில் மூடியைத் திருகினால் அங்கிருக்கும் காற்று 'உஸ்' என்று உள்ளே போகும். குடோனுக்குள் ஒரு பாட்டில், தெருவில் ஒரு பாட்டில் என்று பிடித்தோம். தெருவில் ஓடும் பஸ், ஆட்டோ புகையிலும் அசிட்டிலின் கொஞ்சம் இருக்கும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும்.

நாங்கள் வெளியே வந்ததும் அதிகாரி ஷட்டரை இறக்கிச் சீல் வைத்தார். சோலைமலை அங்கேயே நின்றார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். மூட்டை இறக்குகிறவர்கள் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். "மாப்ள, கல்லுக்கடை எதுன்னு கேட்டா இனிமே இதைக் காட்டிரு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சோலைமலை அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆய்வகத்தில் பாட்டில்களைக் கருவியில் மாட்டினோம். தெருக் காற்றுக்குக் கோடு கொஞ்சம் ஏறியது. குடோன் காற்றுக்கு அதைவிடப் பல மடங்கு ஏறியது. மேடம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

மதியம் அதிகாரி வந்தார். பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், சோலைமலையும் வந்தார்.

"இருக்கு இல்ல மேடம்? அப்படியே எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு லாரி சொல்லி மொத்தத்தையும் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிரலாம்" என்றார் அதிகாரி.

சோலைமலை வாசலைத் தாண்டவில்லை. "அம்மா, எங்க ஊரு தோப்புப் பழம்மா. வைக்கோல் போட்டு மூடுனாலே தன்னால பழுத்துரும். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எல்லாம் என்னைய நம்பி ஏத்திவிட்ருக்காங்க. இது குப்பைக்குப் போச்சுன்னா அவங்க மூஞ்சில நான் எப்பிடிம்மா முழிப்பேன்? நாளப்பின்ன எவன் எனக்குக் காய் போடுவான்?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்றார் அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. நிறையப் பேர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கண்ணே. இன்னைக்குக் காலையில கடை திறந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"சட்டரத் தூக்குனேன். வாசல் தெளிச்சேன். கூட்டுனேன். வைக்கோல வெலக்கிப் பழம் பாத்தேன். மேல இருந்த கூடையக் கீழ எறக்குனேன். டீ வந்துச்சு, குடிச்சேன். அப்புறம் சாரு வந்துட்டாரு."

"அம்புட்டுத்தானா?" என்று கேட்டார் செல்வம் அண்ணன்.

"அம்புட்டுத்தாண்ணே."

மேடம் அதிகாரியிடம் திரும்பினார். "ஒரு தடவை பார்த்ததை வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். மூணு தடவை ஒரே மாதிரி வரணும். நாளைக்குக் காலையில கருவியையே அங்க கொண்டு வாரேன். நீங்க சீல் வச்சிருக்கீங்க. யாரும் உள்ள போக முடியாது. அப்புறம் என்ன?"

அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். "நாளைக்கு மதியம் வரைக்கும்தான் மேடம். நீங்க எழுதிக் குடுக்கலைன்னா இன்னைக்கு எடுத்த பாட்டில் கணக்குதான் நிக்கும்."

வெள்ளிக்கிழமை காலையில் சிம்மக்கல்லுக்குக் கருவியைக் கொண்டு போனதே பெரிய பாடு. பஸ்ஸில் ஏற்றினால் குலுக்கலில் கண்ணாடி நேர் தப்பிவிடும். தலைச்சுமைக்காரர்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே, ஒரு தள்ளுவண்டியில் காற்றடித்த இரண்டு மொபெட் டியூபுகளைப் போட்டு அவற்றின்மேல் கருவியை உட்கார வைத்து, செல்வம் அண்ணன் தள்ளிக்கொண்டு வந்தார். நான் புடவைத் தலைப்பால் தூசியை விரட்டிக்கொண்டே கூட நடந்தேன். "வழி விடுங்கப்பா, ஆபரேசன் கேசு!" என்று அவர் கத்தியதில் ஒரு பெண் என்னிடம் வந்து, "யாருக்கு ஆபரேசன்?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

அதிகாரி சீலை எடுத்தார். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனோம். குடோனின் நடுவில் கருவியை வைத்து, மேடம் கண்ணாடிகளை நேராக்கினார். ஸ்க்ரூவைத் திருகும்போது வாய்க்குள்ளேயே வீட்டுப் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பம்பு ஓடியது. கோடு வந்தது.

கோடு கீழே கிடந்தது. ஏறக்குறைய தெருக் காற்று அளவுதான்.

"இல்லியே!" என்றார் செல்வம் அண்ணன்.

"நேத்து இருந்தது இன்னைக்கு எப்படி இல்லாமப் போகும்?" என்றார் அதிகாரி. "ராத்திரியோட ராத்திரியா கல்லை எடுத்துட்டானா?"

"சீல் நீங்க வச்சது சார்" என்றார் மேடம். "பின்பக்கம் கதவு கிடையாது. கல் இருந்திருந்தா பூட்டின அறைக்குள்ள வாயு கூடியிருக்கணும். குறைஞ்சிருக்கு." அவருக்கும் குழப்பம்தான். நேற்றைய அளவு தப்பா, இன்றைய அளவு தப்பா? இன்றைய அளவு சரி என்றால் நேற்று வந்தது எது? அது தெரியாமல் 'கல் இல்லை' என்று எழுதவும் அவருக்கு மனம் வராது. சோலைமலை ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஷட்டருக்கு அடியில் ஒரு மயிலிறகுக் கட்டு நுழைந்தது. அதற்குப் பின்னால் புகை. அதற்குப் பின்னால் குனிந்தபடி ஒரு மனிதர், பச்சைத் தலைப்பாகையோடு. கையில் சங்கிலி கட்டிய சட்டி, அதில் கரி நெருப்பு. கூடைகளின் மேல் புகையை மயிலிறகால் விசிறிக்கொண்டே, "பரக்கத்தா இருக்கட்டும், அல்லா காப்பாத்துவான்" என்று உள்ளே வந்துவிட்டார்.

"மேடம், ஏறுது! ஏறுது மேடம்!" என்று கத்தினார் செல்வம் அண்ணன்.

கோடு குதித்து, திரையின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. சோலைமலை ஒரு கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

"யாரும் அசையாதீங்க!"

எல்லோரும் நின்றோம். வந்தவரும் மயிலிறகைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"செல்வம்?"

"கம்ப்யூட்டரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பாண்டியம்மா?"

"குழாய் பிடிச்சிருந்தேன் மேடம்."

"சார்?"

தன்னையும் கேட்பார் என்று அதிகாரி எதிர்பார்க்கவில்லை. "கர்சீப் எடுத்து முகம் தொடச்சேன்" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"பாய், நீங்க?"

"நான் என்னம்மா செஞ்சேன்? இப்பத்தான உள்ள வாரேன்."

"கையில?"

"சாம்பிராணிம்மா. வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் இந்த வரிசை பூராம் நாந்தான் போடுறது. காதர் பாய்னு கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க."

"நேத்தும் இந்தக் கடைக்கு வந்தீங்களா?"

"வராம? இவரு சட்டரத் தூக்குனதும் மொதக் கடை இதுதான். சட்டரு பாதி மூடி இருந்துச்சுன்னா புகை நல்லா நிக்கும்."

மேடம் சோலைமலையைப் பார்த்தார். "ஒண்ணு விடாம சொல்லுங்கன்னு கேட்டேனேண்ணே. இதைச் சொல்லலையே?"

"நான் என்ன செஞ்சேன்னுதானம்மா கேட்டீங்க" என்றார் சோலைமலை. "இது நான் செய்யலியே. பாயில்ல செஞ்சாரு."

செல்வம் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சோலைமலையைக் குறை சொல்லி என்ன செய்வது? வியாழக்கிழமை காலையில் சிம்மக்கல்லில் சாம்பிராணி மணக்காத கடை எது? முந்தின நாள் நானும் செல்வம் அண்ணனும் அதிகாரியும் அந்த வாசனைக்குள்ளேதான் நின்றோம். எங்களில் ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

முழுசாக எரியாத கரிப் புகையிலும் அசிட்டிலின் கொஞ்சம் இருக்கும் என்று மேடம் அதிகாரிக்கு விளக்கினார். எங்கள் குழாயின் வாயில் இருக்கும் வடிகட்டி புகைத் தூளை நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. வார்த்தையால் சொன்னது போதாது என்று, "பாய், கொஞ்சம் வெளிய போங்க" என்றார். அவர் போனார். விசிறியைப் போட்டோம். கோடு இறங்கியது. "உள்ள வாங்க." வந்தார். ஏறியது. "வெளிய போங்க." இறங்கியது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது காதர் பாய் ஷட்டருக்கு வெளியேயே நின்றுகொண்டார்.

"ஏம்மா, கபடி வெளாட்டா இது? இடுப்பு போச்சு."

"இன்னும் ஒரே ஒரு தடவை பாய்."

வந்தார். ஏறியது.

அதிகாரி மோவாயைத் தடவினார். "சாம்பிராணி சரி மேடம். ஆனா சாம்பிராணியும் இருக்கலாம், கல்லும் இருக்கலாம் இல்லையா?"

"நியாயமான கேள்வி" என்றார் மேடம். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

புகை முழுவதும் போகும்வரை விசிறியை ஓடவிட்டோம். பிறகு குழாயின் முனையைக் கூடைகளுக்கு நடுவில் கட்டிவிட்டு, எல்லோரும் தெருவுக்கு வந்து, ஷட்டரை இறக்கி, அடி இடுக்கில் ஈரச் சாக்கை அடைத்தோம். உள்ளே கல் ஒளிந்திருந்தால் வாயு சேர்ந்துகொண்டே போகும், கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். கருவி வாசலில், பாதி தெருவில் நின்றது. சுற்றிலும் கூட்டம். முந்தின நாள் கேலி செய்த மூட்டைக்காரர்களும் திரையை எட்டிப் பார்த்தார்கள். "அந்தக் கோடு மேல போனா அண்ணன் காலி, கீழயே கெடந்தா பொழச்சுக்கிட்டாரு" என்று ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கினார். அதைவிட நன்றாக மேடத்தாலும் விளக்க முடியாது.

டீ வந்தது. சோலைமலை கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. காதர் பாய் எதிர்ப்பக்கம் நடைபாதையில் சட்டியை இறக்கி வைத்து, கரியின் மேல் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லது நெனச்சுப் போட்ட புகை" என்றார் அவர். "அதுல ஒரு மனுசன் பொழப்புப் போக இருந்துச்சே, யா அல்லா."

சோலைமலை தெருவைக் கடந்து போய், குடிக்காத டீயை அவர் கையில் கொடுத்தார். "அட சும்மா இருங்க பாய். இன்னைக்கு நீங்க வரலைன்னா என் கதை என்னாயிருக்கும்? நேத்துப் புடிச்ச காத்த வச்சு முடிச்சிருப்பாங்க."

கோடு ஏறவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம். பலகைபோலக் கிடந்தது.

"முடிஞ்சுதா மேடம்?" என்றார் அதிகாரி.

"இல்ல. இனிமே கூடை கூடையா."

அது என் வேலை. ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். அதிகாரி தன் இஷ்டத்துக்குக் கூடைகளைக் காட்டுவார். நான் வைக்கோலை விலக்கி, பழங்களுக்கு நடுவே குழாயின் முனையைச் செருகிப் பிடித்திருப்பேன். வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதுபோல. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை. பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஆட்களை மறந்துவிட்டேன் போல.

அடியில் இருந்த ஒரு கூடையில் கோடு லேசாகத் துடித்தது. "ம்?" என்றார் அதிகாரி. சோலைமலை கண்ணை மூடிக்கொண்டார். மேடம் அமைதியாக, "பாண்டியம்மா, எடுத்துட்டு மறுபடி வைங்க" என்றார். எடுத்தேன், வைத்தேன். கோடு கிடந்தது. மறுபடி வைத்தேன். கிடந்தது. அப்போதுதான் வாசலில் ஒரு டவுன் பஸ் உறுமிக் கிளம்பிப் போயிருந்தது. இன்னொரு பஸ் போகும்வரை காத்திருந்து, அப்போதும் கோடு அதே மாதிரி துடிப்பதை மேடம் அதிகாரிக்குக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அடுத்த கூடைக்குப் போகச் சொன்னார்.

கடைசிக் கூடை முடிந்தது. மேடம் பம்பை நிறுத்தினார். "கல் இல்லை சார். நேத்து நாங்க பிடிச்சது சாம்பிராணிப் புகை, அது ராத்திரியில ஷட்டர் இடுக்கு வழியா வெளிய போயிருச்சு. ரெண்டையும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அதிகாரி சோலைமலையிடம் வந்தார். "மேலிடத்துல சொல்லிட்டு நாளைக்குக் காலையில தெறந்துவிடுறேன். அதுவரைக்கும் சீல் இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றார். அதுவரை அவர் சோலைமலையை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்கவில்லை.

 சோலைமலை ஒரு கூடையிலிருந்து நல்ல பழமாக நாலைந்து பொறுக்கி, துண்டால் துடைத்து, மேடத்திடம் நீட்டினார். மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். "ரிப்போர்ட் போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பழம் எங்க வாய்க்குள்ள போகக் கூடாதுண்ணே. கோவிச்சுக்காதீங்க." பழத்தை வாங்க நீட்டிய தன் கையைச் செல்வம் அண்ணன் மடக்கிக்கொண்டார். 

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அதிகாரி வந்து சீலை எடுத்தார். இரண்டு கூடைப் பழம் நைந்து போயிருந்தது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். மீதி மதியத்துக்குள் விற்றுப்போனது. சோலைமலை கடையை அடைத்துவிட்டு, அடுத்த லோடுக்குக் காய் பேச அலங்காநல்லூர் பஸ்ஸில் ஊருக்குப் போனார்.